வாசலில் வெள்ளைச் சாமந்தி

லா விலாத்,
ஜூன் 18

ரோவெனா,

இங்கிலாந்து போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரியாவது எழுதுவாய் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். இறங்கி வந்துவிட்டான் என்று உன் அக்கா மொய்ராவிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம். சில விவரங்கள் தெரிய வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

நீ கிளம்பிய வாரம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டுப் பெய்ரோவின் ஓக் மரக்கிளை ஒடிந்து நம் தொலைபேசிக் கம்பி மேல் விழுந்தது. இணையமும் அந்தக் கம்பியில்தான் வந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? கைபேசிக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவர் மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். ஐம்பத்தாறு வயதில் நான் சுவர் ஏறுவதாக இல்லை.

கழிவுத் தொட்டியைப் பார்வையிட ஆள் வந்தான். வந்ததும் "மதாம் இல்லையா?" என்றான். தலையை ஆட்டினேன். மூடியைத் தூக்கினான், முகத்தைச் சுளித்தான், ஏதோ நீளமாகச் சொன்னான், போய்விட்டான். தொட்டி தேறவில்லை என்பது மட்டும் புரிந்தது. நம் ஊர்க்காரன், நம்பலாம் என்று சொல்லி அந்த பிரெண்டனைத் தொட்டி கட்டச் சொன்னது யார் என்று உனக்கு நினைவிருக்கும்.

ரொட்டி வண்டி இப்போதெல்லாம் நம் வாசலில் நிற்பதில்லை. ஹாரன் அடித்துக்கொண்டே போய்விடுகிறது.

வேட்டைக்காரர்களைப் பற்றி மேயருக்கு நான் எழுதியதில் உன் பெயரையும் சேர்த்ததற்காகத்தானே நீ போனது. வீடு இருவர் பெயரில் இருக்கிறது, புகாரும் இருவர் பெயரில் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் துப்பாக்கியோடு என் புல்வெளியில் நடந்து போகிறவர்களை நான் கும்பிட்டு வழியனுப்ப வேண்டும் என்று நீ எதிர்பார்த்திருந்தால், தவறான ஆளைக் கட்டிக்கொண்டாய்.

ஹோவர்ட்

*

லட்லோ,
ஜூன் 29

ஹோவர்ட்,

பிரெண்டனைப் பிடித்தது நீதான். பெய்ரோ தன் மச்சான் செய்து தருவான் என்றார். "அவனோட யார் பேசறது?" என்று கேட்டு நீதான் பிரெண்டனைக் கூட்டி வந்தாய். இந்த ஒன்றையாவது என் தலையில் கட்டாதே.

தொட்டி ஆள் மறுபடி கடிதம் போடுவார். அதை அப்படியே எனக்கு அனுப்பு, பதில் எழுதுகிறேன். புகைபோக்கியைக் குளிருக்கு முன் சுத்தம் செய்துவிட வேண்டும். செய்ததற்குச் சான்று இல்லாவிட்டால் வீடு தீப்பிடித்தாலும் காப்பீட்டுக்காரன் கையை விரிப்பான். விறகுக்கு இப்போதே சொல்லிவிடு, ஆகஸ்டில் சொன்னால் ஈர விறகுதான் கிடைக்கும்.

ரொட்டிக்காரர் ஏன் நிற்பதில்லை என்று உனக்கு நிஜமாகவே தெரியாதா? நீ வண்டியருகே போய், ஒரு போன்ஜூர்கூடச் சொல்லாமல் இரண்டு விரலைக் காட்டுவாய். அங்கே அது காறித் துப்புவதற்குச் சமம். முதலில் போன்ஜூர் சொல். பிறகு விரலைக் காட்டு.

மொய்ராவுக்கு இடுப்பெலும்பு மாற்றி வைத்துவிட்டார்கள். தடி ஊன்றி நடக்கிறாள். நான் வந்தது அவளுக்காக மட்டும் இல்லை என்பது உனக்கும் தெரியும். போகிற அன்று சமையலறையில் சொன்னதைக் கோபத்தில் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே. நாலு வருஷமா உன் வாய் நான்தான். பாங்க்ல, டாக்டர்கிட்ட, மேயர் ஆபீஸ்ல. அந்த வாய் வழியா நீ அனுப்பினது புகார் மட்டும்தான் என்றேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆறு மாதத்துக்கு மேல் பிரான்சுக்கு வெளியே இருந்தால் என் குடியிருப்பு அட்டை செல்லாது. டிசம்பர் இரண்டாம் தேதி வரை நேரம் இருக்கிறது. அதற்குள் முடிவு செய்கிறேன். இது மிரட்டல் இல்லை. எனக்கு நிஜமாகவே இன்னும் தெரியவில்லை.

போனுக்குக் கம்பெனியிடம் இங்கிருந்து சொல்கிறேன் என்று எழுத வந்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன். போனில் பேசினால் கத்திக்கொள்வோம். எழுதினால் கொஞ்சம் யோசிக்கிறோம். இப்படியே இருக்கட்டும்.

ரோவெனா

*

லா விலாத்,
ஆகஸ்டு 9

ரோவெனா,

விறகு வந்துவிட்டது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும், கேள். ஒவ்வொரு கட்டையும் ஒரு மீட்டர் நீளம். நம் அடுப்பின் வாய் அதில் பாதிகூடக் கிடையாது. வேண்டிய அளவுக்கு வெட்டித் தரச் சொன்னால்தான் வெட்டித் தருவார்கள், இல்லாவிட்டால் ஒரு மீட்டர்தான் என்பது இந்த மாவட்டத்தில் பிறந்த நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியுமாம். எனக்குச் சொல்ல வேண்டியவள் சொல்லவில்லை. கொட்டிவிட்டுப் போன மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இயந்திர ரம்பத்தை எடுத்தேன். கிளப்பினேன். அணைத்து வைத்துவிட்டேன்.

போன்ஜூர் சொன்னேன். ரொட்டிக்காரன் ஏதோ கேட்டான். புரியவில்லை. பின்னால் வரிசையில் நின்ற கிழவி சிரித்தாள். இருபத்தாறு வருடம் லத்தீன் கற்பித்தவன் நான். இந்த மொழி எந்தச் சொல்லிலிருந்து தேய்ந்து இப்படி ஆனது என்று அவளுக்கு என்னால் விளக்க முடியும். ஒரு ரொட்டி வாங்க முடியவில்லை. மாணவன் செய்தால் நான் சிவப்பு மையில் சுழிக்கிற பிழையை நானே தெருவில் நின்று செய்ய வேண்டுமா? பிழையோடு பேசுவதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல் என்று ஒருவன் நினைத்தால் அதைத் திமிர் என்கிறாய்.

பள்ளியில் என்னைத் தாண்டி அந்த விளையாட்டு வாத்தியாரைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். அடுத்த வருடமே லத்தீனை எடுத்துவிட்டார்கள். அங்கேயும் எனக்காக யாரும் வாய் திறக்கவில்லை. நீ உட்பட. "விட்டுடு ஹோவர்ட், பிரான்சுக்குப் போயிடலாம்" என்றாய். வந்தோம்.

வாசலருகே கல் பெஞ்சில் நீ காபியோடு உட்காருவாயே, அதில் பெய்ரோவின் பூனை படுத்துக்கொள்கிறது. விரட்டுவதில்லை.

எப்போது வருகிறாய்?

ஹோ.

*

லட்லோ,
செப்டம்பர் 4

ஹோவர்ட்,

விறகின் அளவைச் சொல்லாதது என் தப்பு. எப்போதும் நானே சொல்லிப் பழகிவிட்டதால், அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மொய்ரா கேட்கிறாள், "திரும்பிப் போறியா இல்லையாடி? அந்த மனுஷன்கிட்ட அப்படி என்ன இருக்கு?" என்று. எனக்கு வீடு நினைவுக்கு வருகிறது. அந்த மலைச்சரிவு, மாடுகள், மதாம் பெய்ரோ வேலிக்கு மேலே நீட்டும் முட்டைகள். அதற்கெல்லாம் பிறகுதான் நீ. இதை எழுதக் கூடாது. ஆனால் அதுதான் உண்மை. அப்படியிருந்தும் நீ ஒரேயடியாக நினைவுக்கு வராமல் போவதில்லை. ரம்பத்தைக் கிளப்பி அணைத்து வைத்தாய் என்று படித்தபோது சிரித்தேன். பிறகு சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஒரே ஒரு காரியம் செய். வேலி நெடுக "வேட்டை கூடாது" என்று நீ அடித்து வைத்திருக்கும் பலகைகளைக் கழற்று. ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் அந்த வேட்டைக்குப் போகிறார். அவர்கள் தாத்தா காலத்திலிருந்து நடக்கிற பாதை அது. கழற்றிவிட்டுப் பெய்ரோவிடம் நீயே போய்ச் சொல். பிழையோடு சொல். நான் மொழிபெயர்க்க இல்லாமல், புகார் இல்லாத ஒரு வாக்கியம் உன் வாயிலிருந்து ஒருவருக்குப் போகட்டும். அது போதும் எனக்கு.

ரோவெனா

*

லா விலாத்,
அக்டோபர் 8

ரோவெனா,

கழற்றிவிட்டேன். இரண்டு விரல் நகம் கருத்துப்போனது தவிர வேறு சேதம் இல்லை. வேட்டைக்காரர்கள் செய்வது சரி என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. இதைப் பதிவு செய்துவிட்டு மேலே எழுதுகிறேன்.

பலகைகளைத் தூக்கிக்கொண்டு பெய்ரோவின் மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். சாணம் வாரிக்கொண்டிருந்தார். "போன்ஜூர்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். நான்கு நாளாக மனப்பாடம் செய்த வாக்கியத்தைச் சொன்னேன். பாதியில் மறந்துபோனது. பலகைகளைக் கீழே வைத்தேன்.

"இதுங்களை என்ன பண்ணச் சொல்றீங்க முசியே?"

"அடுப்பு" என்றேன். அந்தச் சொல் தெரிந்திருந்தது.

"உங்க அடுப்புல போடுங்க. உங்ககிட்டதான் விறகு நிறைய இருக்கே, எல்லாம் எங்க வீட்டு நாய் நீளத்துக்கு" என்று கையை விரித்துக் காட்டினார். கேலி செய்கிறார் என்று புரிந்தது. விறகுக் கதை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டார். "இங்கிலாந்து" என்றேன். ஏன் என்றார். மொய்ராவின் இடுப்பெலும்பைச் சொல்லப் பார்த்தேன். அக்கா, எலும்பு, ஒன்றுக்கும் சொல் வரவில்லை. "ஆஸ்பத்திரி" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மரியாதை தெரிந்த மனிதர்தான், இத்தனை நாள் நான் கவனிக்கவில்லை.

நீ கேட்டதைச் செய்தாகிவிட்டது.

ஹோவர்ட்

*

லட்லோ,
அக்டோபர் 17

ஹோவர்ட்,

உன் கடிதத்தை மொய்ராவிடம் வாசித்துக் காட்டினேன். "நாய் நீளத்துக்கு" வந்ததும் அவள் தடியை நழுவவிட்டுச் சிரித்தாள்.

நவம்பர் பதினெட்டாம் தேதிக் கப்பலில் இடம் பிடித்துவிட்டேன். காரோடு வருகிறேன். மறுநாள் மதியத்துக்குள் வந்துவிடுவேன். குளிர் காலம் முழுக்க இருந்து பார்க்கிறேன். அதற்கு மேல் வாக்குத் தர மாட்டேன், நீயும் கேட்காதே.

படுக்கையறையில் இரண்டு நாள் முன்பே அடுப்பை மூட்டி வை. சுவர் ஈரம் இழுத்திருக்கும். அப்புறம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வாசலில் ஏதாவது பூ வை. போன வருடம் நான் திரும்பி வந்தபோது வீடு யாருமே குடியில்லாதது மாதிரி இருந்தது. யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று காரைத் திருப்பும்போதே தெரிய வேண்டும். அவ்வளவு ஆசை போதும்.

ரோவெனா

*

லா விலாத்,
அக்டோபர் 29

ரோவெனா,

உனக்குப் பூ வேண்டும் என்றாய். நகரத்துக் கடைக்குப் போனேன். கடை வாசல் முழுக்கப் பூத்தொட்டி, அத்தனையும் சாமந்தி. மலை மாதிரிக் குவித்து வைத்திருக்கிறார்கள். உன் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளையில் ஆறு தொட்டி வாங்கினேன். வாயிற்கதவின் இரு பக்கமும் இரண்டிரண்டு, உன் கல் பெஞ்சின் மேல் இரண்டு. குளிர் தாங்கும் பூவாம், நீ வரும் வரை வாடாது.

ஒன்று சொல்ல வேண்டும். தொட்டிகளை வைத்துவிட்டு நிமிர்ந்தால் மதாம் பெய்ரோ தெருவில் நிற்கிறார். பூவைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூ... மதாமுக்கா?" என்றார்.

"ஆமாம். மதாமுக்குத்தான்" என்றேன். பிழையில்லாமல் சொன்னேன்.

அவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அழுதார். நீ திரும்பி வருவதில் இந்த அம்மாளுக்கு இத்தனை சந்தோஷமா என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தேன். நாலு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் இந்தப் பிரியம் எனக்குத் தெரியாமல் போனது.

சீக்கிரம் வா.

ஹோவர்ட்

*

லட்லோ,
நவம்பர் 6

அட கடவுளே, ஹோவர்ட்,

உடனே அந்தத் தொட்டிகளை எடு. அங்கே சாமந்தி கல்லறைக்கு வைக்கிற பூ. நவம்பர் முதல் நாள் ஊரே அதைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். ஒவ்வொரு வருடமும் என்னோடு கடைக்கு வந்திருக்கிறாய், காரைவிட்டு ஒரு நாளாவது இறங்கியிருந்தால் தெரிந்திருக்கும். நீ என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, என் பெஞ்சில் வெள்ளைச் சாமந்தி வைத்து, "மதாமுக்குத்தான்" என்றும் சொல்லியிருக்கிறாய். அந்த அம்மாள் சந்தோஷத்தில் அழவில்லை. நான் செத்துவிட்டேன் என்று அழுதிருக்கிறார்.

படித்துவிட்டு எவ்வளவு நேரம் சிரித்தேன் தெரியுமா. மொய்ரா சமையலறையிலிருந்து தடியோடு ஓடி வந்தாள். நமக்குக் கல்யாணமான புதிதில்தான் நான் கடைசியாக இப்படிச் சிரித்ததாகச் சொல்கிறாள்.

இது கிடைத்ததும் போய்ச் சொல்லிவிடு. நீ பேச வேண்டாம், பூவைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டால் போதும். புரிந்துகொள்வார்கள். பத்து வருடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூட உட்கார்ந்து சிரிப்பேன்.

பதினெட்டாம் தேதி. எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ரோ

*

லா விலாத்,
நவம்பர் 7

ரோவெனா,

இங்கே நிறைய நடந்துவிட்டது. பெய்ரோவும் அவர் மச்சானும் வந்து விறகு முழுவதையும் அடுப்புக்கு ஏற்ற அளவில் வெட்டி, கொட்டகைச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள். கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். புகைபோக்கி சுத்தமாகிவிட்டது, சான்றும் கிடைத்துவிட்டது. மேயர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து கழிவுத் தொட்டிக்கு அவசரமில்லை, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரொட்டிக்காரர் இறங்கிக் கதவு வரை வந்து தருகிறார். தினமும் ஒரு வீட்டிலிருந்து மதாம் யாராவது உருளைக்கிழங்கும் பாலேடும் வைத்துச் சுட்ட பெரிய அப்பம் கொண்டுவந்து மேஜையில் வைக்கிறார்கள். "சாப்பிடுங்க முசியே, உடம்பைக் கவனிங்க" என்கிறார்கள். எனக்கே ஆச்சரியம், பதில் சொல்கிறேன். பிழைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை.

ஒரு வேண்டுகோள். கப்பலை ஒரு வாரமோ பத்து நாளோ தள்ளிப்போட முடியுமா? டிசம்பர் இரண்டுக்கு முன் வந்தால் உன் அட்டைக்கு ஆபத்தில்லை என்று கணக்குப் பார்த்துவிட்டேன். காரணம் நேரில் சொல்கிறேன். வீட்டில் சில விஷயங்களை ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கிறது.

ஹோவர்ட்

*

லட்லோ,
நவம்பர் 15

ஹோவர்ட்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என் கடிதம் வருவதற்கு முன்பே, ஊர் என்னைச் செத்தவளாக நினைப்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. தள்ளிப்போடு என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் அதுதான் எனக்கு முதலில் புரிந்தது. ஆனாலும் நம்பப் பிடிக்கவில்லை. மதாம் பெய்ரோவுக்குப் போன் செய்தேன்.

"அலோ" என்றார். நான் போன்ஜூர் சொல்லி, லா விலாத் வீட்டைப் பற்றி இங்கிலாந்திலிருந்து பேசுகிறேன் என்று தொடங்கினேன். பெயரைச் சொல்வதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க அக்காவா? ஐயோ, குரல் அப்படியே அவங்க குரல்."

ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"கேளுங்கம்மா. ரெண்டாம் தேதி கோயில்ல சாமியாரைக் கேட்டு அவங்க பேரையும் செத்தவங்க பேரோட வாசிக்க வச்சேன். முசியே பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. பேரைக் கேட்டதும் அப்படியே உறைஞ்சு போயிட்டாரு. அப்புறம் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சாப்பாடு போட்டோம். பாவம், எங்களுக்கெல்லாம் அவரைப் புடிக்காது, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ஆனா பொண்டாட்டி மேல இவ்வளவு உசிரு வச்சிருந்தாருன்னு யாருக்குத் தெரியும்? இப்போ மனுஷன் மாறிட்டாரு. என் வீட்டுக்காரர் சொல்ற ஜோக்குக்குச் சிரிக்கக்கூடச் செய்யறாரு."

பிறகு கேட்டார், "எங்கம்மா பொதைச்சீங்க? ஊர்ல எல்லாரும் சேர்ந்து சின்னதா ஒரு சலவைக்கல் பண்ணியிருக்கோம், கல்லறை மேல வைக்கிறதுக்கு. எங்க அனுப்பறது?"

"இங்கேயேதான்" என்றேன். "நான் அக்காதான். உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றி."

எனக்கே தெரியவில்லை, ஏன் அப்படிச் சொன்னேன் என்று. அந்த அம்மாள் அத்தனை நல்லவராக இருந்தார். நான் உயிரோடிருப்பதாகச் சொன்னால் அவரை அவமானப்படுத்துவது போல இருந்தது.

பூ வைத்தது தப்பில்லை. பூ கேட்டது நான்தான். ஆனால் கோயிலில் என் பெயரைக் கேட்டாய். அன்று மதியம் அவர்கள் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டாய். மறுநாளும் சாப்பிட்டாய். நான் உயிரோடு உன் பக்கத்தில் இருந்த நாலு வருடமும் உனக்குக் கிடைக்காத அக்கம்பக்கம், நான் செத்ததும் கிடைத்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை. பதினெட்டாம் தேதிக் கப்பலில் நான் வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? கொட்டகையில் விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாயா?

கப்பலில் எடுத்த இடத்தை ரத்து செய்துவிட்டேன். தள்ளிப்போடவில்லை.

யாரிடமும் எதுவும் சொல்லாதே. நான் அங்கே செத்தவளாகவே இருந்துவிடுகிறேன். ஓடிப்போனவள் என்று பேசுவதைவிட, அழுகிறார்கள் என்பது எனக்குப் பரவாயில்லை. உன் வாயாக இருந்து உனக்காக நான் அங்கே சொல்லும் கடைசிப் பொய் அதுதான்.

கடும் உறைபனிக்கு முன் தோட்டத்துக் குழாயை அடைத்து, உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிடு. இல்லாவிட்டால் வெடிக்கும்.

ரோவெனா

*

லா விலாத்,
டிசம்பர் 3

ரோவெனா,

குழாயை அடைத்துவிட்டேன்.

நேற்றோடு உன் அட்டை காலாவதி. நேற்று மாலை வரை கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்குப் போனேன். அஞ்சல்காரர், பால் லாரி, பெய்ரோவின் மச்சான். இதை உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. உன் இரக்கம் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது.

நீ வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. நவம்பர் இரண்டாம் தேதி பெய்ரோ தம்பதி நல்ல உடை போட்டுக்கொண்டு வந்து கோயிலுக்குக் கூப்பிட்டார்கள், ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உன் பெயர் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து நின்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று தெரிந்தது. அந்த ஒரு சொல்லுக்கு லத்தீன் வந்தது, பிரெஞ்சு வரவில்லை. பிறகு பிரெஞ்சு வந்தது, ஒரு பெரிய கை என் தோள் மேல் இருந்தது. மேயர். என் தோளில் ஒருவர் கை வைத்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு அவர்கள் சலவைக்கல்லைக் கொண்டுவந்தார்கள். ஒரு புத்தகம் அளவுதான் இருக்கும். "எங்கள் அயல்வீட்டுத் தோழிக்கு" என்று பொறித்திருக்கிறது. இங்கிலாந்துக்கு நான் எடுத்துப் போக வேண்டும் என்று துணியில் சுற்றி மேஜை மேல் வைத்தார்கள். நான் எழுந்து நின்றேன். மனப்பாடம் செய்யவில்லை. வந்த சொற்களைக் கொண்டு சொன்னேன். அவள் சாகவில்லை. என்னை விட்டுப் போனாள். திரும்பி வருவதாக இருந்தாள். அதற்கு வைத்த பூ அது. எனக்கு வழக்கம் தெரியாது. பிறகு தெரிந்தது. சொல்லவில்லை.

எத்தனை பிழை இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒன்றுகூட அவர்களுக்குப் புரியாமல் போகவில்லை.

பெய்ரோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கதவை மூடவில்லை. மதாம் பெய்ரோ உட்கார்ந்தே இருந்தார்.

"அப்போ போன்ல என்கிட்ட பேசினது யாரு?"

"அவள்தான்."

"அவங்களேவா? நான் அக்கான்னு சொன்னாங்களே."

"ஆமாம்."

கல்லைச் சுற்றியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இனிமே வரமாட்டாங்க, இல்ல முசியே?"

"மாட்டாள்."

எழுந்தார். நான் துணியைச் சுற்றிக் கல்லை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"இங்கேயே இருக்கட்டும்" என்றார். "அழுதது அழுததுதான்."

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பெய்ரோவைத் தெருவில் பார்த்தால் போன்ஜூர் சொல்கிறேன். அவர் மாட்டோடு பேசிக்கொண்டு போகிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. உன் மேலும் இருக்கிறது. மொய்ராவின் மேல் இல்லாமல் இருக்குமா. வெட்டிய விறகு மட்டும் அடுக்கினபடியே நிற்கிறது, இந்தக் குளிருக்குப் போதும்.

கல்லை உன் பெஞ்சின் மேல் வைத்திருக்கிறேன். பூனை அதைத் தாண்டிப் போய் மறு ஓரத்தில் படுத்துக்கொள்கிறது. இன்று காலை வேட்டைக்காரர்கள் நம் புல்வெளி வழியாகப் போனார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. பெஞ்சைத் தாண்டும்போது முன்னால் போனவர் தொப்பியைத் தூக்கினார், பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கிவிட்டுப் போனார்கள்.

சாமந்தியை எடுக்கச் சொல்லி எழுதியிருந்தாய். உறைபனியில் கருத்துவிட்டன. எடுக்கவில்லை.

ஹோவர்ட்